நூற்றுக்கு எத்தனை பிழை?

சென்ற தவணையில் ஒரு நாள் பிற்பகல் உயர்தர வகுப்பு மாணவருக்கு வணிகக் கல்விப் பாடத்திலே 'தர முகாமைத்துவம்' என்னும் பகுதியைக் கற்பித்துக்கொண்டிருந்தேன். கிளிநொச்சி வெயில் கூரைத் தகட்டைச் சுட்டுக்கொண்டிருந்தது. பாதி வகுப்புத் தூக்கத்தின் எல்லையில் நின்றது. ஏற்றுக்கொள்ளத்தக்க தர மட்டம் என்றால் யாது என்பதை விளக்குவதற்காக, ஆசிரியர் எல்லாரும் எடுத்தாளும் மின்குமிழ் உதாரணத்தையே நானும் எடுத்தேன். நூறு குமிழ்கள் கொண்ட பெட்டி ஒன்றில் இரண்டு பழுதாயிருப்பினும் வியாபாரி அதனைப் பெற்றுக்கொள்ளுவான். மூன்றாவது பழுதைக் கண்டால் பெட்டியைத் திருப்பி அனுப்புவான் என்று கூறிக் கரும்பலகையிலே எழுதினேன்.

பின்வரிசையிலிருந்து ஒரு மாணவி எழுந்தாள். வகுப்பிலே அதிகம் பேசாதவள்.

"சேர், அம்மா செய்யிற வேலையிலை நூற்றுக்கு இரண்டு பிழை விடலாமோ?"

அவளுடைய தாயார் கண்ணிவெடி அகற்றும் பணியில் இருப்பவர் என்பது வகுப்பு முழுவதும் அறிந்த செய்தி. தூங்கிக்கொண்டிருந்தவர்களும் நிமிர்ந்தார்கள். எனக்கு உடனே விடை வரவில்லை. "நல்ல கேள்வி, நாளைக்குச் சொல்லுகிறேன்" என்று ஆசிரியர்கள் வழக்கமாகத் தப்பிக்கொள்ளும் வழியிலேயே நானும் தப்பிக்கொண்டேன். அந்த நாளை வந்து சேர மூன்று வாரங்கள் சென்றன. அம்மூன்று வாரத்தில் வாசித்தும் கேட்டும் அறிந்தவற்றையே வாசகர்களுக்கு இங்கே சொல்ல விழைகின்றேன்.

தரம் என்பதை எண்ணாலும் கோட்டாலும் அளக்கும் வழக்கம் பழையதன்று. அமெரிக்காவிலே தொலைபேசிக் கருவிகளைச் செய்த வெஸ்ரேண் எலெக்ரிக் என்னும் நிறுவனத்தில் வோல்ற்றர் ஷூவாட் என்னும் பௌதிக அறிஞர் பணிபுரிந்தார். 1924 ஆம் ஆண்டு மே மாதம் 16 ஆந் தேதி அவர் தம் மேலாளருக்கு ஒரு பக்கக் குறிப்பு ஒன்றை எழுதினார். அக்குறிப்பிலே ஒரு சிறு படம் இருந்தது. நடுவே ஒரு கோடு, மேலே ஓர் எல்லை, கீழே ஓர் எல்லை, இடையிலே புள்ளிகள். இன்று உலகெங்கும் கட்டுப்பாட்டு வரைபடம் என்று வழங்குவது அதுவே. எந்தத் தொழிலிலும் ஒரு நாளைப் போல மறு நாள் இராது. சிறு ஏற்றத்தாழ்வு தொழிலின் இயல்பு. புள்ளி எல்லைக்கு வெளியே பாய்ந்தால் மட்டுமே ஏதோ விசேட காரணம் உண்டென்று தேடவேண்டும். எல்லைக்குள் ஆடும் புள்ளிகளுக்காக ஒருவரைப் புகழ்வதும் மற்றவரை ஏசுவதும் வீண் என்பது அப்படத்தின் கருத்து.

அதே நிறுவனக் குடும்பத்தைச் சேர்ந்த பெல் ஆய்வுகூடத்தில் ஹரல்ட் டொட்ஜ், ஹரி ரோமிக் என்னும் இருவர் மாதிரிப் பரிசோதனைக்கு அட்டவணைகள் வகுத்தனர். ஆயிரம் பொருளையும் ஒவ்வொன்றாகப் பார்ப்பதற்குப் பதிலாகச் சிலவற்றை எடுத்துப் பார்த்து முழுத் தொகுதியையும் ஏற்பதா, தள்ளுவதா என்று தீர்மானிக்கும் முறை அது. இரண்டாம் உலகப் போரில் அமெரிக்கப் படைக்கு வேண்டிய பொருள்கள் இவ்வகை அட்டவணைகளைக் கொண்டே பொறுக்கப்பட்டன. போர்த் தளபாடம் பொறுக்கப் பயன்பட்ட அக்கணக்கே பிற்காலத்தில் ஐ.எஸ்.ஓ. 2859 என்னும் சர்வதேச நியமமாகி, போர் விட்டுச் சென்ற வெடிகளை அகற்றிய நிலத்தைச் சோதிப்பதற்கும் வந்து உதவியது. இதனைப் படித்தபோது எனக்கு உண்டான வியப்பு சிறிதன்று.

இனி வன்னிக்கு வருவோம்.

2002 ஆம் ஆண்டு பெப்ரவரியில் போர்நிறுத்த உடன்படிக்கை கைச்சாத்தானபோது, இடம்பெயர்ந்திருந்த மக்கள் தத்தம் காணிகளை நோக்கி நடந்தனர். வீடு இருந்த இடம் தெரிந்தது. ஆனால் வளவுக்குள் கால் வைக்க இயலவில்லை. முகமாலையிலிருந்து வவுனியா எல்லை வரை, இரு தரப்பாலும் புதைக்கப்பட்ட மிதிவெடிகள் மண்ணுக்குள் கிடந்தன. அவற்றுட் பெரும்பாலானவை பிளாத்திக்குக் கூட்டினுள் அமைந்தவை. உள்ளே இருந்த உலோகம் ஒரு சிறு ஊசியளவே. அதனைக் கண்டுபிடிக்கவேண்டுமாயின் உலோகங்காண் கருவியின் உணர்ச்சியை மிக உயர்த்தி வைக்கவேண்டும். உயர்த்தி வைத்தாலோ, போர் நடந்த மண்ணில் எங்கும் சிதறிக்கிடக்கும் எறிகணைத் துண்டு, சன்னம், வெற்றுக் கோது, ஆணி, தகரப் பேணி அனைத்துக்கும் அது கூவும். ஒவ்வொரு கூவலுக்கும் முழந்தாளிட்டு, ஒரு சிறு கம்பியால் மண்ணைச் சாய்வாகக் குத்தி, அங்குலம் அங்குலமாகத் தோண்டவேண்டும். நூறு முறை தோண்டினால் நூறு முறையும் துருப்பிடித்த இரும்பு வரலாம். நூற்றொன்றாம் முறை கை சற்று அசட்டையாகிவிடும் அபாயம் உண்டு.

தர இயலார் இதனைப் பொய் எச்சரிக்கை என்று பெயரிட்டு ஒரு வரியிற் கடந்துவிடுவர். அந்த ஒரு வரியின் பாரத்தை முழந்தாளிற் சுமந்தவர்கள் நம் ஊரவர்கள்.

இவ்விடத்திலேதான் நம்மவர் கைத்திறன் ஒன்று தோன்றிற்று. தோட்டத்திலே சருகும் குப்பையும் கூட்டுவதற்குப் பயன்படும் பல் வைத்த வாரியை நெடிய பிடியோடு எடுத்து, மண்ணைப் பக்கவாட்டாக வாரி இழுத்து வெடிகளை வெளியே கொணரும் முறையை வன்னியில் உள்ளூர்ப் பணியாளர் கையாண்டனர். எந்தப் பல்கலைக்கழகமும் வகுத்துக் கொடுத்த முறையன்று அது. வெளிநாட்டிலிருந்து வந்த நோர்வே மக்கள் உதவி அமைப்பின் நிபுணர்கள் இதனைக் கண்டபோது, 'இது ஆபத்து, விட்டுவிடுங்கள்' என்று ஒதுக்கிவிடாமல், ஏன் இது பலிக்கின்றது என்று ஆராய்ந்தனர். அவர்களை மதிக்க இது ஒன்றே போதும். பின்னர் உபகரணம் திருத்தப்பட்டது, படிமுறை எழுதப்பட்டது, பயிற்சி வகுக்கப்பட்டது. வாரி அகழ்வு முறை என்னும் பொருளுடைய ஓர் ஆங்கிலப் பெயரும் சூட்டப்பட்டு, சர்வதேச நூல்களில் இலங்கையின் முறையென்றே அது குறிக்கப்பட்டது.

அம்முறை எளியது. பாதுகாப்பான ஓரத்திலே, குறித்த ஆழத்துக்கு ஒரு தொடக்கக் குழி வெட்டப்படும். பணியாளர் அதன் பின்னே நின்று, பாரமான வாரியால் முன்னேயுள்ள மண் சுவரைப் பக்கவாட்டிலே சிறிது சிறிதாக உடைப்பார். பின்பு இலேசான வாரியால் உதிர்ந்த மண்ணை மெல்லத் தம்பக்கம் இழுத்துப் பரப்பிப் பார்ப்பார். மிதிவெடி மேலிருந்து விழும் பாரத்துக்கு வெடிப்பது. பக்கத்திலிருந்து மண்ணோடு சரிந்து வரும்போது அதன் தலையில் அழுத்தம் குறைவு. ஆபத்தே இல்லை என்று சொல்லலாகாது. வாரி பட்டு வெடித்த சம்பவங்களும் உண்டு. ஆயின், அப்பொழுது பணியாளரின் கையும் முகமும் நெடிய பிடியின் மறுமுனையில் இருக்கும். முழந்தாளிட்டுக் குத்துகின்றவரின் முகமோ வெடிக்கு நேர் மேலே இருக்கும். மண்ணின் ஒவ்வொரு பிடியும் புரட்டிப் பார்க்கப்படுவதால், கருவி கூவிற்றா இல்லையா என்ற ஐயத்துக்கே இடமில்லை. மணற்பாங்கான நிலத்தில் வேலையும் விரைந்தது. காய்ந்து இறுகிய களிமண்ணிலும் வேர் அடர்ந்த காட்டோரத்திலும் இம்முறை அவ்வளவு எளிதன்று. மேல்மண் குலைவதும் ஒரு குறைதான். எல்லா நோய்க்கும் ஒரே குளிசை இல்லையே.

தொழிலைச் செய்பவரே அத்தொழிலைத் திருத்தும் வழியையும் அறிவர் என்பதை யப்பானியர் ஒரு கொள்கையாகவே வளர்த்தனர். 1950 ஆம் ஆண்டில் எட்வேட்ஸ் டெமிங் என்னும் அமெரிக்கப் புள்ளிவிபரவியலாளர் அங்கு சென்று, போரால் நொடிந்திருந்த தொழிலதிபர்களுக்கு ஷூவாட்டின் முறையை விரிவுரையாகச் சொன்னார். அவர்கள் நன்றியோடு 1951 இல் அவர் பெயரால் ஒரு பரிசை நிறுவினர். 1962 இல் கவொரு இஷிக்காவா என்னும் பேராசிரியரின் தூண்டுதலால் தர வட்டங்கள் தோன்றின. ஒரே இடத்தில் வேலை செய்யும் சில தொழிலாளர் கூடியிருந்து, தங்கள் வேலையின் குறையைத் தாங்களே ஆராயும் சிறு குழுக்கள் அவை. 'கைசென்' என்று அவர்கள் சொல்லும் இடையறாத சிறு திருத்தத்துக்கு வாரியைக் காட்டிலும் பொருத்தமான உதாரணத்தை எந்தப் பாடநூலிலும் நான் கண்டதில்லை. ஆனால் பாடநூலிலே ரொயோட்டா மோட்டார் தொழிற்சாலைதான் இருக்கின்றது, முகமாலை இல்லை.

மாணவியின் தாயாரை ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர்கள் வீட்டு மாமர நிழலிலே சந்தித்தேன். தேநீர் தந்துவிட்டுச் சற்றுக் கூச்சத்தோடு அமர்ந்தார். வேலை நாளைப் பற்றிக் கேட்டதும் கூச்சம் போய்விட்டது.

"விடியப்புறம் நாலரைக்கு வீட்டாலை வெளிக்கிட வேணும், சேர். வெயில் ஏற முந்தி வேலை துவங்க வேணும். போன உடனை மண்ணுக்கை இறங்க விடமாட்டினம். கருவியைச் சோதிக்கவேணும்."

உலோகங்காண் கருவி கொண்டு வேலை செய்யும் இடங்களில், என்ன பொருள், எவ்வளவு ஆழத்தில் என்று முன்னரே தெரிந்து புதைத்து வைத்த ஒரு சோதனைக் குழி உண்டு. காலையிலே கருவி அதன்மேல் கூவினால்தான் அன்றைய வேலைக்குத் தகுதி. நேற்றுக் கூவியது என்பது இன்றைக்குச் சாட்சியாகாது. பின்பு பாதைகள். ஏறத்தாழ ஒரு மீற்றர் அகலம். ஓரங்களில் வர்ணம் தீட்டிய கட்டைகள். சிவப்புக்கு அப்பால் ஆபத்து. வெள்ளைக்கு இப்பால் பாதுகாப்பு. ஒருவருக்கும் அடுத்தவருக்கும் இடையே இத்தனை மீற்றர் என்று வரையறை. ஏதேனும் தென்பட்டால் கை நிற்கவேண்டும்; குறியிடவேண்டும்; பொறுப்பாளரை அழைக்கவேண்டும். தாமே தொட்டுப் பார்ப்பது கூடவே கூடாது.

"ஒரு விசில் அடிச்சால் முழுப்பேரும் நிக்கவேணும். ஆர் அடிச்சது, ஏன் அடிச்சது எண்டு பிறகுதான் கேள்வி. அங்கை அவசரம் எண்டொரு சொல் இல்லை, சேர்."

யப்பானிய மோட்டார் தொழிற்சாலைகளில், குறையைக் கண்ட எந்தத் தொழிலாளியும் ஒரு கயிற்றை இழுத்து வேலையை நிறுத்தலாம் என்ற ஏற்பாட்டை முகாமைத்துவ நூல்கள் ஒரு புரட்சியாகப் பேசும். இங்கே அது ஒரு விசில்.

இனி மாணவியின் கேள்விக்கு வருவோம். கண்ணிவெடி அகற்றலுக்கெனச் சர்வதேச நியமங்கள் 2001 ஆம் ஆண்டிலிருந்து இப்போதைய பெயரோடு வழங்கிவருகின்றன. இலங்கையில் 2010 ஆம் ஆண்டில் தேசிய கண்ணிவெடிச் செயற்பாட்டு நிலையம் அமைக்கப்பட்டு, பணிகளை மேற்பார்த்துவந்தது. அச்சர்வதேச நியமங்கள் 'துப்புரவாக்கப்பட்ட நிலம்' என்பதற்குக் கூறும் இலக்கணத்தை மாணவர்கள் கவனித்தல் வேண்டும். குறித்த நிலப்பரப்பில், குறித்த ஆழம் வரை, குறித்த வகை ஆபத்து அனைத்தும் அகற்றப்படவேண்டும் என்கின்றது அது. 'அனைத்தும்' என்றே இருக்கின்றது. நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டு என்றில்லை. ஆழம் பற்றி வேறு நம்பகமான தகவல் இல்லாதவிடத்துப் 13 சென்ரிமீற்றர் என்பது பொது அளவாகக் கொள்ளப்பட்டது.

ஆகவே விடை, 'ஒன்றும் விடலாகாது' என்பதே. ஆனால் இவ்வளவோடு நிறுத்தினால் அது வெறும் உபதேசமாகிவிடும். விடவில்லை என்பதை எவ்வாறு அறிவது?

வேலை முடிந்த நிலத்தில் ஒரு பகுதியைத் தெரிந்தெடுத்து மறுபடியும் சோதிப்பர். முன் சொன்ன ஐ.எஸ்.ஓ. நியமத்தின் கணக்குப்படி, நிலத்தைத் தொகுதிகளாக்கி, சதுர மீற்றரை ஓர் அலகாகக் கொண்டு மாதிரி எடுக்கும் முறை சர்வதேச வழிகாட்டியில் வகுக்கப்பட்டது. மாதிரியில் ஒரே ஒரு வெடி அகப்பட்டாலும் அத்தொகுதி தோல்வி. மின்குமிழ்ப் பெட்டிக்கு இரண்டு மன்னிப்பு உண்டு. இங்கே மன்னிப்புப் பூச்சியம்.

எனினும், இங்கே ஒரு சிறு கணக்குப் போட்டுப் பாருங்கள். ஆயிரம் சதுர மீற்றர் காணியிலே தவறுதலாக ஒரே ஒரு வெடி எஞ்சிவிட்டதென வைத்துக்கொள்வோம். நூறு சதுர மீற்றரை மாதிரியாக எடுத்துச் சோதிக்கின்றோம். அந்த வெடி அகப்படும் வாய்ப்பு எத்தனை? பத்துக்கு ஒன்று. பத்து முறையில் ஒன்பது முறை சோதனை 'நல்ல நிலம்' என்று சான்றிதழ் கொடுத்துவிடும்! வகுப்பிலே இக்கணக்கைப் போட்டபோது மாணவர் திகைத்துப்போயினர். பிழைகள் மலிந்த வேலையைச் சோதனை பிடித்துவிடும். அரிதாய் நேரும் ஒரு பிழையைச் சோதனை பெரும்பாலும் தவறவிடும். அப்படியாயின் அந்தக் காணியிலே விளையாடும் குழந்தையைக் காப்பது எது? முடிவிற் செய்யும் சோதனை அன்று. காலையிற் கூவிய கருவி, சிவப்புக் கட்டை, பக்கவாட்டாக இழுத்த வாரி, இடையிடையே வந்து அளந்து பார்த்த பொறுப்பாளர், நின்றுவிட்ட கை என்னும் இவையே. டெமிங் தம் பதினான்கு அறிவுரைகளில் மூன்றாவதாக, தரத்தைப் பெறுவதற்குப் பரிசோதனையையே நம்பியிருத்தலை விட்டொழியுங்கள் என்றார். அவர் எண்ணியது தொழிற்சாலைகளை. அதன் முழுப்பொருள் எனக்கு விளங்கியது மாமர நிழலிலே.

மாதிரிச் சோதனை அப்படியானால் எதற்கு? செய்முறை ஒழுங்காக நடைபெறுகின்றதா என்று நாடி பிடித்துப் பார்ப்பதற்கு. வைத்தியர் நாடி பார்ப்பதனால் நோய் தீர்வதில்லை. ஆயினும் நாடி பாராத வைத்தியரிடம் நாம் போவதுமில்லை.

இந்த உபகரணங்களுட் சிலவற்றை என் சொந்த வாழ்விலும் பரீட்சித்துப் பார்த்தேன். வாசகர்கள் நகைத்தாலும் சொல்லிவிடுகின்றேன். பல ஆண்டுகளாகப் பிந்தி வரும் மாணவரைப் படலையில் நிறுத்திச் சோம்பேறிகள் என்று ஏசி வந்தவன் நான். இம்முறை ஏச்சை நிறுத்திவிட்டு ஒரு தாளிலே கட்டங்கள் கீறினேன். பேருந்து, துவிச்சக்கரவண்டிக் காற்று, தம்பி தங்கையைப் பள்ளியில் விடல், தண்ணீர் அள்ளல், நித்திரை என்று காரணங்களை எழுதி, பிந்தி வந்த ஒவ்வொருவருக்கும் ஒரு கோடு இட்டேன். மாணவர் தம்மைத் தாமே நித்திரைக் கட்டத்தில் போட்டுக்கொள்ளமாட்டார்கள் அல்லவா? ஆகவே பேருந்து வந்த நேரத்தையும் குறிப்பதற்கு ஒருவனைச் சந்தியில் நிறுத்தினேன். நான்கு வாரங்களுக்குப் பின் கூட்டிப் பார்த்தபோது, பாதிக்கு மேற்பட்ட கோடுகள் இரண்டே கட்டங்களில் நின்றன. ஒன்று பேருந்து, மற்றது தம்பி தங்கை. நித்திரைக் கட்டம் ஏறக்குறைய வெறுமையாய்க் கிடந்தது.

சில காரணங்களே பல விளைவுகளைத் தோற்றுவிக்கும் என்னும் இவ்வியல்புக்கு இத்தாலிய அறிஞர் பரேற்றோவின் பெயரைத் தர இயலிற் சூட்டியவர் ஜோசப் ஜுரான். காரணங்களை உயரத்தின்படி நிரையாகக் கீறும் படமே பரேற்றோ வரைபடம். அடுத்தபடி, ஏன் என்று ஐந்து முறை கேட்கவேண்டும் என்பார் ரொயோட்டாவின் தயீச்சி ஓனோ. கேட்டேன். ஏன் பிந்தினாய்? தம்பியை விட்டு வந்தேன். நீ ஏன் விடவேண்டும்? அம்மா விடியவே வேலைக்குப் போய்விடுவார். ஏன் விடியவே? வேலைத்தலம் தொலைவு. மூன்றாவது 'ஏன்' முடிவதற்குள்ளேயே பழி மாணவனின் தோளிலிருந்து இறங்கிவிட்டது. ஆரம்பப் பாடசாலையின் படலையைக் கால் மணி நேரம் முந்தித் திறக்கும்படி கேட்டுக்கொண்டோம், திறந்தார்கள். தம்பி தங்கைக் கட்டத்திற் கோடுகள் பெரிதும் குறைந்தன. பேருந்து இன்னமும் பேருந்தாகவே இருக்கின்றது.

இஷிக்காவாவின் மீன்முள் வரைபடத்தையும் மாணவர் விரும்பிக் கீறினர். மீனின் தலை குறை. நடுமுள் அதற்குச் செல்லும் வழி. பக்க முட்கள் மனிதர், கருவி, மூலப்பொருள், முறை, அளவு, சூழல் என்னும் காரண வகுப்புகள். இரணைமடு விராலைச் சாப்பிட்டு முள் எடுத்தவர்களுக்கு இதனை விளக்க அதிக நேரம் செல்லவில்லை. ஒரு மாணவன் ஈர நெல்லைத் தலையாக வைத்துக் கீறினான். நெல் சந்தைப்படுத்தும் சபை உரிய விலைக்கு 14 சதவீத ஈரப்பதனைக் கேட்பதும், காலபோக அறுவடை மழையோடு வந்து சேர்வதும் அவன் வீட்டிலே ஆண்டுதோறும் நிகழும் கதை. அவன் கீறிய முட்களுள் 'காய விடத் தளம் இல்லை' என்பதே மிக நீண்டிருந்தது. 'தெருவிலே காயவிடல்' என்பதை எந்த வகுப்பிற் சேர்ப்பது என்று அவனுக்கும் எனக்கும் ஒரு வாதமே நடந்தது.

நமது மொழி பேசும் நாட்டிலும் இம்முறைகள் வேரூன்றியதுண்டு. சென்னைப் பாடியிலே மோட்டார் வாகனத் தடுப்புக் கருவிகளைச் செய்த சுந்தரம்-கிளேட்டன் நிறுவனம், யப்பானியப் பேராசிரியர் சூடாவின் வழிகாட்டலோடு பல்லாண்டு உழைத்து, 1998 இல் டெமிங் பரிசைப் பெற்றது. இந்தியாவில் அப்பரிசைப் பெற்ற முதல் நிறுவனம் அதுவே. இலங்கையிலோ கொழும்பு காசல் வீதி மகளிர் வைத்தியசாலை, பணிப்பாளராயிருந்த வைத்தியகலாநிதி விமல் கரன்தகொடவின் முயற்சியால், 2000 ஆம் ஆண்டில் யப்பானியரின் ஐந்து 'எஸ்' முறையைக் கைக்கொண்டது. வேண்டாததை அகற்றல், வேண்டியதை உரிய இடத்தில் அடுக்கல், துப்புரவு செய்தல், இவற்றை நியமமாக்கல், பழக்கமாக்கல் என்பன அவ்வைந்து. பிரசவ வைத்தியசாலை ஒன்றில், அவசர வேளையிலே கத்தரிக்கோலை எங்கே என்று தேடாதிருப்பது எத்துணைப் பெரிய காரியம் என்பதைத் தாய்மார் அறிவர். 2007 முதல் ஆபிரிக்க நாடுகள் பலவற்றின் சுகாதார உத்தியோகத்தர்கள் அங்கு வந்து பார்த்துச் சென்று தத்தம் நாடுகளில் அதனைத் தொடங்கினர்.

இதே ஐந்து 'எஸ்' நம் அயலிலே படும் பாட்டையும் சொல்லாமல் விட மனம் வரவில்லை. நான் ஒரு பத்திரத்துக்காக நான்கு முறை அலைந்த காரியாலயம் ஒன்றில் மேசை, கதிரை, தண்ணீர்க் குவளை எல்லாவற்றுக்கும் பெயர்ச்சீட்டு ஒட்டியிருந்தது. நிலத்திலே மஞ்சட் கோடு. சுவரிலே ஐந்து கட்டளைகளும் மூன்று மொழியில். என் பத்திரம் மட்டும் எங்கே என்று ஒருவருக்கும் தெரியவில்லை. பரிசோதகர் வரும் நாளுக்காகப் பூசும் வர்ணத்தைத் தரம் என்று மயங்குவதைக் காட்டிலும், பழைய குப்பை மேசையும் ஞாபகசக்தியுள்ள எழுதுவினைஞரும் எவ்வளவோ மேல்.

இன்னொரு மயக்கமும் உண்டு. அது இதனினும் கொடியது. வேகத்தை அளந்து, வேகங்குறைந்தவரை வெருட்டுவதே முன்னேற்றம் என்று எண்ணும் மேலாளர்கள் உளர். டெமிங் தம் வகுப்புகளில் ஒரு விளையாட்டு நடத்துவார். ஒரு பெட்டியிலே நாலாயிரம் மணிகள். 3,200 வெள்ளை, 800 சிவப்பு. ஐம்பது குழி கொண்ட ஓர் அகப்பையால் அள்ளவேண்டும். சிவப்பு மணி வரலாகாது. அள்ளுகின்றவர் யாராயினும் சிவப்பு வந்தே தீரும். ஏழு வந்தவரை அவர் மெச்சுவார். பதினான்கு வந்தவரை எச்சரிப்பார். பார்த்திருப்போர் சிரிப்பார்கள். சிவப்பு மணியைப் பெட்டியில் இட்டவர் தொழிலாளி அல்லர் என்பது அப்பொழுது அவர்களுக்கு விளங்கும். கண்ணிவெடி நிலத்தில், இன்றைக்கு எத்தனை சதுர மீற்றர் என்று ஒருவரை மற்றவரோடு ஒப்பிட்டு வெருட்டினால் யாது நிகழும்? ஒருவருடைய பாதையில் மணல். மற்றவருடைய பாதையில் பனை வேர். வெருட்டப்பட்ட கை விரையும். விரைந்த கை என்ன செய்யும் என்பதை எழுத வேண்டியதில்லை.

"எங்கடை பொறுப்பாளர் கனக்கச் செய்த ஆளைப் புகழமாட்டார். நேரத்துக்கு நிப்பாட்டின ஆளைத்தான் புகழுவார்" என்றார் மாணவியின் தாயார். சம்பளம் போதுமா என்று கேட்டேன். சிரித்தார். வடக்கிலே இப்பணியிற் பெண்கள் பெருந்தொகையினராய் இறங்கினர். அவர்களுட் பலர் குடும்பத்தின் ஒரே உழைப்பாளர். இலங்கை 2017 டிசம்பர் 13 இல் கண்ணிவெடித் தடை உடன்படிக்கையில் இணைந்தது. 2018 ஜூன் முதலாந் தேதி அது நம் நாட்டின்மேல் நடைமுறைக்கு வந்தது. நிலத்தைத் துப்புரவாக்க அது தரும் தவணை பத்தாண்டு. ஆகவே 2028 ஜூன் முதலாந் தேதி. தவணை நெருங்க நெருங்க விரைவு விரைவு என்று குரல் எழுவது இயல்பே. வேலை முடிந்தபின் இப்பெண்களுக்கு என்ன வேலை என்ற குரலும் அதே உரத்தில் எழவேண்டும். ஒழுங்கு, பதிவு, பொறுமை, நிறுத்தத் தெரிந்த கை என்னும் இத்தனையையும் பழகிய தொழிலாளரை எந்தத் தொழிற்சாலை முதலாளி விளம்பரம் கொடுத்துப் பெறமுடியும்?

வகுப்புக்குத் திரும்பி, கரும்பலகையிலே மின்குமிழையும் மிதிவெடியையும் அருகருகே எழுதி, மேற்சொன்ன கணக்கைப் போட்டுக் காட்டினேன். பின்வரிசை மாணவி குறிப்பெடுத்துக்கொண்டாள். பாடம் முடிந்ததும் வந்து, அம்மா வேலை செய்த காணி ஒன்றைச் சென்ற கிழமை சொந்தக்காரரிடம் கையளித்துவிட்டார்கள் என்றாள். சொந்தக்காரர் வயோதிபர். மண்வெட்டியோடு வந்து நின்று, எங்கே முதலிற் கொத்தலாம் என்று தாயாரிடம் கேட்டாராம்.

"அம்மா சொன்னவ, 'ஐயா, இந்தப் பக்கம் முழுக்க நாங்கள் வாரி முடிச்சது, விரும்பின இடத்திலை கொத்துங்கோ. பழைய கிணத்தடி மட்டும் அடுத்த துண்டுக்கை கிடக்கு. சிவப்புக் கட்டை எடுக்கிற வரைக்கும் அங்காலை கால் வைக்காதேங்கோ' எண்டு."

கிழவர் அன்றைக்கு வெள்ளைக் கட்டைகளுக்கு உட்புறமாக ஆறு தென்னம்பிள்ளைகளுக்குக் குழி வெட்டினாராம். கிணறு சிவப்புக்கு அப்பால் இருந்தபடியால், தண்ணீரை வீதிக் குழாயிலிருந்து வாளியிற் சுமந்தார்.